ஐயாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை

சலோமி அம்மாள் அவர்களின் அடக்கத்தில் நின்றவர்கள் இவர்கள்: அவர்களுடைய தங்கை ராகேல், ராகேலின் மகனும் மருமகளும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்துப் போதகர், அந்த ஆலயத்துப் பெண்கள் நான்கு பேர், குழி வெட்டிய இருவர், ராஜபாளையத்தில் சலோமி அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரராக இருந்த லட்சுமி அம்மாள், நான். அக்காவும் அவர்கள் கணவரும் தொடங்கிய எங்கள் சபையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் ஆகையால் யாரையும் கூட்டியும் சொல்லவில்லை, விட்டும் சொல்லவில்லை.

செய்தி காலையில் வந்தது. எங்கள் தெருவில் போன் இருப்பது மளிகைக் கடையில்தான். கடைக்காரர் வாசலில் நின்று, "யக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா தவறிட்டாவளாம். ஐயா பக்கத்துல இடம் கேக்கத் தங்கச்சி சொன்னாவ" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் சபையை நடத்துகிற மூப்பர் தங்கராஜ் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவரான ஐயாவின் கல்லறை எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அதன் வலப்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. கேட்டேன்.

"ஜெபிச்சுச் சொல்றோம் சகோதரி" என்றார் மூப்பர்.

மத்தியானம் தாண்டியும் பதில் இல்லை. சித்திரை வெயிலில் உடல் தாங்காது. ராகேல் தங்கள் ஆலயத்துப் போதகரைக் கேட்டார். அவர் "கொண்டு வாங்கம்மா" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசீர்வாதம் ஐயா அவர்கள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தார்கள். பிறந்து வளர்ந்த சபையை விட்டார்கள். அடுத்துப் போன சபைகளிலும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு சபையிலும் அதை ஆரம்பித்தவர் எந்த இடத்தில் வேதத்தை விட்டு விலகினார் என்று காட்டுவார்கள். கடைசியில் தங்கள் வீட்டு முன்னறையிலேயே சபை கூட்டினார்கள். பிரசங்கம் ஐயா. பாய் விரித்தது, வந்தவர்களை உட்கார வைத்தது, பாட்டைத் தொடங்கியது எல்லாம் சலோமி அக்கா.

ஐயாவின் தலையான உபதேசம் இது: ஞானஸ்நானம் தண்ணீரில் மூழ்கித்தான் எடுக்க வேண்டும், கொடுக்கிற கையும் முன்பே அப்படி எடுத்தவரின் கையாக இருக்க வேண்டும். அப்படி எடுத்தவர்களுக்கே திருப்பந்தி. ராகேலுக்குக் குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்ததுதான். ஆகவே சொந்த அக்கா வீட்டில் நடந்த பந்தியில் அவருக்கு அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை. அடுக்களையில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்பார். அக்கா அப்பத்தைப் பிட்டு வாயில் வைக்கும்போது அடுக்களைப் பக்கம் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நான் சபைக்கு வந்த வருடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு மில்லில் கொடுக்கும் பொரியையும், அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பும் சுண்டலையும் விசுவாசிகள் தொடக்கூடாது என்று ஐயா பிரசங்கித்தார்கள். லட்சுமி அம்மாள் கொண்டுவந்த கிண்ணத்தை அக்கா வாசலிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தெலுங்கு பேசும் ராஜு சமூகத்துக்காரர் அவர்; அக்காவை "அக்கய்யா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அன்று முகம் வாடிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வந்த அக்கா எங்கள் முன்னாலேயே ஐயாவைக் கேட்டார்கள்.

"அந்தச் சுண்டலுக்குள்ள எந்தப் பிசாசு உக்காந்திருந்துச்சாம்? நான் பாத்தேன், கடுகுதான் இருந்துச்சு."

"வேதத்தை விளையாட்டா பேசாத."

"நான் வேதத்தைப் பேசல. லட்சுமி மொகத்தப் பேசுதேன்."

அடுத்த ஞாயிறு ஐயா எழுந்து நின்று, "போன வாரம் நான் சொன்னது தப்பு. அன்பில்லாமச் சொல்லிட்டேன்" என்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து "ஆமென்" சொன்னவர் மூப்பர் தங்கராஜ். அன்று சாயங்காலமே அக்கா பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். லட்சுமி அம்மாள், "எங்க சாமி வீட்டுக் கிண்ணம் ஆகாது, உங்க சாமி வீட்டுப் பணியாரம் மட்டும் ஆகுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐயா காலமானார்கள். கல்லில் அவர்கள் பெயரை இடது பாதியில் வெட்டினோம். வலது பாதி அக்காவுக்கென்று வழவழப்பாக விடப்பட்டது.

அதற்கடுத்த வருடம் மூப்பர்கள் விசுவாச அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்கள். நம் சபையை ஸ்தாபித்த ஐயா அவர்கள் உபதேசத்தில் எந்தப் பிழைக்கும் உட்படாமல் காக்கப்பட்டார் என்பது அந்த வரி. ஏற்றுக்கொள்கிறவர்கள் எழுந்து நின்று ஆமென் சொல்ல வேண்டும். எல்லோரும் எழுந்தோம். அக்கா பாயிலேயே இருந்தார்கள்.

"என்னக்கா, கால் வலியா?" என்றார் மூப்பர்.

"கால் நல்லாத்தான் இருக்கு. அவிய பிழையில்லாதவியன்னு நான் எப்படிய்யா ஆமென் சொல்ல? கூடக் குடும்பம் நடத்துனவ நான்."

சிரிப்பு எழுந்தது. மூப்பர் சிரிக்கவில்லை. "குடும்பத்துல பிழை இருக்கலாம்க்கா. உபதேசத்துல இல்ல."

"முன்னால சபை ஆரம்பிச்சவிய எல்லாரும் தப்புப் பண்ணுனாவன்னு சொல்லித்தான் இவிய ஆரம்பிச்சாவ. அவியளும் அவியளுக்கு முந்துன ஆளத் தப்புன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சிருப்பாவ. இவிய கிட்ட வந்ததும் தப்பு நின்னுபோச்சாக்கும்? சரி, இதச் சொல்லுங்க. உங்களுக்கு யாரு ஞானஸ்நானம் கொடுத்தா?"

"ஐயாதான்."

"ஐயாவுக்கு?"

அது எங்களில் யாருக்கும் தெரியாது. ஐயாவிடம் முன்பு நாங்கள் கேட்டபோதெல்லாம், ஆண்டவருடைய ஊழியக் கை ஒன்று என்று மட்டும் சொல்லுவார்கள். நாங்களும் யாரோ பெரிய போதகர் என்று நினைத்திருந்தோம்.

"நான்தான்" என்றார்கள் அக்கா. "அய்யனார் கோவில் ஆத்துல. ஒரு போதகர் கையும் அவியளுக்குச் சுத்தமாப் படல. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குத்தம். கரையில உக்காந்து அழுதாவ. நான் சொன்னேன், 'என் கைய இப்பத்தான் சாம்பப் போட்டுக் கழுவுனேன், வாங்க'ன்னு. மொதத் தடவ முக்குனேன், உச்சி நனையல. 'செத்தப் பொறுங்க, இன்னொரு தடவ'ன்னு தோளப் புடிச்சு அமுக்குனேன். ஒத்தச் செருப்பு ஆத்தோட போச்சு. எனக்கும் தெளிச்ச தண்ணிதான் அப்போ. பொறவுதான் அவிய எனக்குக் கொடுத்தாவ. அந்தக் கைதான்யா உங்க எல்லாருக்கும் வந்த கை."

மூப்பர், "அது நடந்திருந்தாலும், சபையில சொல்லப்படாதுக்கா" என்றார்.

பொய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். அந்த மாதமே அக்காவைப் பந்தியிலிருந்து விலக்கினார்கள். சபை ஜெபவீடாக்கிக்கொண்ட வீட்டை விட்டு, அக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனார்கள். அங்கே தெளிக்கப்பட்ட ராகேலோடு ஒரே வரிசையில் முழங்காலிட்டு அப்பம் வாங்கினார்கள்.

நான் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஆரம்பிச்சவியளே தப்புன்னா, நாம எத நம்பி நிக்கிறதுக்கா?"

"ஏட்டி, அவிய தப்பில்லாதவியன்னா ஆண்டவரு அவியளுக்காகச் சாக வேண்டாமே. அந்த ஒரு ஆள மட்டும் விட்டுட்டு மத்தவியளுக்கா செத்தாரு?"

சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டார்கள். எனக்கு வேதம் யாரும் சொல்லித் தரவில்லை. சமையல் முடித்த நேரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். அப்போஸ்தலனாகிய பேதுருவின் முகத்துக்கு எதிரே பவுல் நின்று கண்டித்ததாக அதில் இருக்கிறது. அப்போஸ்தலருக்கே வந்த பிழை மில் மேஸ்திரிக்கு வராதா? வீட்டுக் கணக்கின் முதல் வரியில் பிழை கண்டால் அடித்துவிட்டுச் சரியாக எழுதுவோம். அதற்காக யாரும் கணக்கையே கிழிப்பதில்லை. பிழையே இல்லை என்று சத்தியமும் செய்வதில்லை. ஐயா உயிரோடிருந்தபோது சபையில் எழுந்து நின்று தம் பிழையை அடித்துத் திருத்தினார்கள். அந்தப் பெருமையைத்தான் இந்த ஒரு வரி அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. இதை மூப்பர்களிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஜெபிக்கிறோம்". ஜெபம் ஆண்டவரிடம் கேட்பது. நான் கேட்டது மூப்பர்களிடம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பெட்டியை மூடுமுன் அக்காவின் கைகளை நான்தான் எடுத்து மார்பில் வைத்தேன். வலது கையை மேலே வைத்தேன். கீரை உருவி உருவி நகக்கண் பச்சையாகத்தான் இருந்தது. லட்சுமி அம்மாள் அந்தக் கையைத் தொட்டு, "அக்கய்யா, இனி கிண்ணத்த யாரு திருப்பித் தருவா?" என்று அழுதார். போதகர் மண் போட்டார். பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் போட்டோம்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் கையிலிருந்து ஐயாவுக்கும், ஐயாவிடமிருந்து தங்கராஜ் மூப்பருக்கும், அவரிடமிருந்து எனக்கும் வந்த தண்ணீர் என் தலையில் இன்னும் காயவில்லை.

மூப்பர்களே, உடலைத் தோண்டிக் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? செல்லும் என்றால், ஐயாவின் கல்லில் காலியாக விட்ட பாதியில் சலோமி அம்மாள் என்று பெயரை வெட்டுங்கள். செல்லாது என்றால், உங்களையும் சேர்த்து நம் எல்லோருக்கும் மறுபடி ஞானஸ்நானம் ஆக வேண்டும். யார் கையால் என்று முதலில் சொல்லுங்கள். ஜெபித்தது போதும். பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள்.