எலுமிச்சை பிழிந்த சுவர்

கிரிஜா ஜெர்மனியில் ஹனோவருக்கு வந்து மூன்று வருடம் பூக்களுக்கு வண்ணம் தீட்டினாள். அவள் வரைந்த பூக்கள் இல்லை, யாரோ வரைந்தவை. கணவன் சேதுராமன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சென்னையில் ஓவியம் படித்த இவளை ஊருக்கு வெளியே இருந்த சுவர்க்காகிதத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. ஆரஞ்சுப் பூ, பழுப்புப் பூ, மறுபடி ஆரஞ்சுப் பூ. எங்கேயாவது ஒரு சுவரில் தன்னுடைய டிசைன் ஒன்று ஏறிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

1972 வசந்தத்தில் டிசைன் பிரிவுத் தலைவர் லோமான் வாயைத் திறந்தார். புது மாதிரிப் புத்தகத்தில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் டிசைன் தரலாம், வெள்ளிக்கிழமைதான் கடைசி. "தயவுசெய்து பூ மட்டும் வேண்டாம்" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சிக்குப் போனார்கள். அங்கே படம் போட்டிருந்தவர் தூரிகையைத் தொடாத மனிதர். பழைய இரும்புச் சாமான்களை ஈரத்துணியில் சுற்றி மழையில் போட்டுவிடுவாராம். துரு தானாகப் படம் வரையுமாம். சேதுராமனுக்கு அது அழுக்குத்துணியாகத்தான் தெரிந்தது. கிரிஜா அதன் முன்னால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இவர் வரையவே இல்லைங்க! வரைய விட்டிருக்கார்!"

"சரி, பஸ் போயிடும், வா."

பஸ்ஸில் வரும்போதே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். எத்தனை ஆரத்தித் தட்டில் பார்த்திருக்கிறாள்! சுண்ணாம்புக்கு இங்கே எங்கே போவது? சலவைச் சோடா இருக்கிறதே!

வீட்டுக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மஞ்சள்பொடி டப்பாவைக் கவிழ்த்தாள்.

"ஐயோ, அது லாஸ்ட் பாக்கெட்! சாம்பாருக்கு என்ன பண்றது?" என்று பதறினான் சேதுராமன்.

"ஆறு மாசத்துக்கு வெள்ளை சாம்பார் சாப்பிடுங்க!"

பெரிய தாள் முழுக்க மஞ்சள் கரைசல் பூசிக் காயவைத்தாள். சோடாத் தண்ணீரில் ஸ்பூனைத் தோய்த்து உதறினாள். விழுந்த இடமெல்லாம் குபீரென்று சிவந்து, ஓரம் பரவி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டது. கிரிஜா சமையலறையில் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். அவளுக்கு அது கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை லோமான் ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு அந்தத் தாள் முன் வெகுநேரம் நின்றார்.

"முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த பழக்கம் பதற்றத்தில் வந்துவிட்டது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நம் ஊரில் அதற்கு 'ஆச்சு' என்று அர்த்தம். லோமான் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னும் முடியவில்லையா? பிற்பகலுக்குள் புத்தகம் போயாக வேண்டுமே. என்ன பாக்கி?"

ஐயா, அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் தாளைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே முடியவில்லை! எங்கு பார்த்தாலும் சிவப்பு, மூச்சுவிட இடமில்லை. அப்போதுதான் லோமானின் சாசரில் கிடந்த எலுமிச்சைத் துண்டு அவள் கண்ணில் பட்டது. கேட்காமல் எடுத்தாள். சிவப்பின் மேல் பிழிந்தாள்.

சொட்டு விழுந்த இடத்தில் பொடிப்பொடியாக நுரைத்து, சிவப்பு விலகி, உள்ளிருந்து மஞ்சள் வட்டமாக மலர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். லோமானின் தேநீர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

"இதே மாதிரி இன்னொன்று செய்ய முடியுமா?"

"முடியாது. எனக்கே தெரியாது இது எப்படி வரும்னு!"

"அப்படியானால் இதை யாரும் தொடாதீர்கள்!" என்று கத்தினார் லோமான்.

மஞ்சள்பொடியில் தொழிற்சாலை அச்சடிக்காது. தாளைப் போட்டோ பிடித்து, உருளைகளில் செதுக்கி, சாதாரண மையில் அடித்தார்கள். அசல் தாள் கொஞ்ச நாளில் வெளுத்துப்போனது. டிசைன் புத்தகத்தில் ஏறியது, ஆனால் யாராவது அதை வாங்கினார்களா என்று கிரிஜாவுக்கு யாரும் சொல்லவில்லை. கடைத்தெருவில் போகும்போதெல்லாம் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பாள். எங்கும் ஆரஞ்சுப் பூதான்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் கடைவாய்ப்பல் வலி தாங்காமல், வீங்கிய கன்னத்தோடு ஒரு புதிய பல் டாக்டரிடம் போனாள். மரத்துப்போக ஊசி போட்டு, பக்கத்து அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். கதவைத் திறந்தாள். தரையிலிருந்து கூரைவரை நாலு சுவரிலும் அவள் பிழிந்த எலுமிச்சை.

"இது என்னுடையது!" என்று ஜெர்மனில் கத்தினாள். மரத்த நாக்கில் அது வெறும் "ங்ஙோங்ங" என்று வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நர்ஸ் ஓடி வந்து, "ரொம்ப வலிக்கிறதா?" என்று தோளைப் பிடித்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "பல்லால் இல்லை, இந்தச் சுவரால்தான் அழுகிறாள். எனக்கும் இதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது" என்றாள்.

கிரிஜா அந்தக் கிழவியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.