இமைக்காத விருந்தாளி

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவதில் ஆந்தையை மிஞ்ச இந்தப் பூமியில் ஆளே கிடையாது. பூமி என்பது கொஞ்சம் கூடுதல்தான்; வாளித் தொழிற்சாலை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொழிற்சாலையின் இரவுக் காவலாளியைத்தான் எல்லோரும் ஆந்தை என்றார்கள். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, விழிகளை அகலத் திறந்தபடி விடிய விடியத் தூங்குவார். மனைவிக்கு மட்டும்தான் இது தெரியும். கல்யாணமான புதிதில், மனுஷன் தன்னையே கண்கொட்டாமல் பார்க்கிறார் என்று பூரித்துப்போனவள், மூக்குக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தபோதுதான் சாயம் வெளுத்தது.

முதலாளியம்மா, காவலில் கண்ணயர்ந்தவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறவர். எப்போது வந்து பார்த்தாலும் விழித்திருக்கும் ஒரே ஆள் என்று ஆந்தைக்குப் பரிசே கொடுத்தார். வாளி வார்க்கும் இயந்திரம் வாங்கத் தாம் வெளிநாடு போகும்போது புருஷனும் பெண்டாட்டியும் கூடவே வரலாம்.

அங்கே பகலெல்லாம் இயந்திரக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் பாரம்பரிய நடனம் பார்க்கப் போனார்கள். முதல் வரிசை. நடுவில் நெல் மூட்டைபோல் ஆந்தை. அந்தப் பக்கம் இருந்த முதலாளியம்மாவின் செருப்பு மட்டும்தான் இந்தப் பக்கம் இருந்த மனைவிக்குத் தெரிந்தது.

தமிழ் தெரிந்த வழிகாட்டிப் பெண் பின்னாலிருந்து குனிந்தாள். "முகமூடி போட்ட பூதம் விருந்தாளி முன்னாடி வந்து ஆடும்க்கா. அவர் கண்ணை இமைச்சா பூதம் ஜெயிச்சிடுச்சு, ஆட்டம் முடிஞ்சுது. இன்னிக்கு விருந்தாளி உங்க வீட்டுக்காரர்தான்."

"ஐயையோ, வேற ஆளே கிடைக்கலையாம்மா?"

அதற்குள் மேளம் இடித்தது. வார்ப்பு இயந்திரத்தின் தடதடப்பில் தூங்கிப் பழகியவருக்கு அது தாலாட்டு. ஆந்தையின் கீழுதடு லேசாகத் தொங்கியது. போச்சு, தூங்கிவிட்டார் என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது.

பூதம் வந்து நாக்கை நீட்டியது. ஆந்தை பார்த்தார். பூதம் உறுமியது, மேடை அதிரக் குதித்தது. ஆந்தை பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் பூதத்துக்குக் கால் பிசகியது, தூக்கிக்கொண்டு போனார்கள். அதே முகமூடியை மாட்டிக்கொண்டு வந்த இரண்டாவது பூதத்துக்குத் தலை சுற்றியது. மேளக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். கடைசியில், ஓய்வுபெற்ற கிழட்டுப் பூதத்தைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்கள். கைகூடக் காயவில்லை, "முட்டி வலின்னு சொன்னீங்களே மாமா" என்கிற தோரணையில் மருமகள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். பலனில்லை. எழுப்பினால் குட்டு உடைந்து வேலை போகும். எழுப்பாவிட்டால் ஒருவரும் வீடு போக முடியாது. வேறு வழியில்லாமல், அவர் தூக்கத்துக்குள் நுழையக்கூடிய ஒரே செய்தியைக் காதோடு காதாகச் சொன்னாள்.

"இந்தாங்க, முதலாளியம்மா கார் வருது!"

ஆந்தை துள்ளி எழுந்து, படபடவென்று இமைத்து, பூதத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஆயுசில் சல்யூட்டே வாங்கியிராத பூதம் பதறிப்போய்த் திருப்பி ஒன்று அடித்தது. அரங்கம் கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தியது.

முதலாளியம்மா எழுந்து மைக்கைப் பிடித்தார். "இருபது வருஷமா எங்க ஆளு இப்படித்தான்! கண்ணே இமைக்கலை. பக்கத்துலயே உக்காந்து நானே பாத்துக்கிட்டிருந்தேன்."

வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள். கிழவர் முகமூடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்னம்மா சொல்றார்?" என்றார் முதலாளியம்மா.

"வேணாம்க்கா."

"அட, சொல்லும்மா."

"ரெண்டு பேருமே தூங்கினீங்களாம். அவர் கண்ணைத் திறந்துக்கிட்டு, நீங்க வாயைத் திறந்துக்கிட்டு."

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதலாளியம்மா ஆந்தையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டார்.

"ஊருக்குப் போய் இதைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சுதா? நான் அசந்தது ஒரே ஒரு நிமிஷம்."

ஆந்தை, முதலாளியம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துத் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் இல்லீங்கம்மா, எனக்குக் கையே மரத்துப்போச்சு."