இரவல் நாற்காலி

தம்பானூரில் நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்கு எதிரே பெரிய போர்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். 'எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு' என்று மலையாளத்தில். கீழே வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு டாக்டர் பெண் சிரிக்கிறாள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் கவுண்டரில் நின்று ரூம் சாவி எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரியும். எரியாத மாதிரி நடிக்க என்னால் ஆகாது.

நான் போனக்காட்டு லயத்தில் பிறந்தவள். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அதில் ஒன்றில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் அம்மாவும் நானும் தங்கையும். நான் பிளஸ் டூ படித்தபோது இப்போது அந்தப் போர்டை வைத்திருக்கும் நகரத்து டிரஸ்ட் மலைப்பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பரீட்சை வைத்தது. தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு பிள்ளைக்கு டாக்டர் படிப்பு முடிகிற வரைக்கும் எல்லாச் செலவும் அவர்களுடையது. நான் முதலாவதாக வந்தேன். போர்டில் சிரிக்கிற அவள் இரண்டாவது. அவளுக்கு விதுராவில் மாடி வீடு, ரப்பர் தோட்டம். இரண்டு பேர் வீட்டையும் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள்.

வந்து பார்ப்பார்கள் என்றால் எங்கள் லயத்தில் ஒரே அர்த்தம்தான். விருந்தாளி வருகிறார்கள். யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் லயமே சாமான் கொடுக்கும், வந்தவர்கள் போனதும் அவரவர் சாமான் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நாற்காலி வந்தது, டி.வி. வந்தது, மிக்ஸி வந்தது. மழை ஒழுகும் மூலையைப் புதுப் பெட்ஷீட் மறைத்தது. பக்கத்து வீட்டு அத்தை தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, டாக்டராகப் போகிறவள் வெறுங்கழுத்தாக நிற்காதே என்றாள். அம்மா கோழி அடித்தாள். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி.

காரில் ஒரு சாரும் ஒரு மேடமும் வந்தார்கள். மேடம் டி.வி.யைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். இதெல்லாம் உங்களுடையதா என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் இரவல் என்று யாராவது சொல்வார்களா? ஆமாம் என்றாள் அம்மா. சார் கறியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது மேடம் அம்மாவின் கையைப் பிடித்து, உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிப் பூரித்தாள்.

மறுவாரம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அவளுக்குக் கிடைத்துவிட்டது, உன்னைவிட அவள் வீட்டில்தான் கஷ்டமாம் என்றார். மாடி வீட்டில் என்ன கஷ்டம் என்று அவளிடமே கேட்டேன். மறைக்காமல் சொன்னாள் மகராசி. அவர்கள் தோட்டத்துக் குடிசையில் ரப்பர் பால்வெட்டுகிற கூலிக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்தை அன்றைக்கு ஒரு நாள் வெளியே அனுப்பிவிட்டு இவர்கள் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்களாம். வந்தவர்களுக்குச் பாலும் சீனியும் இல்லாத கட்டன்சாயா. உங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லையா என்று என்னையே கேட்டாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள், அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். உன் நாற்காலியும் உன் கோழியும்தான் என் படிப்பைத் தின்றது என்றேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் கோபம் வந்தது.

"வீடு தேடி வந்தவுகள வெறுந்தரையில உக்கார வைக்கச் சொல்லுதியா? ஏட்டி, நாம என்ன பிச்சைக்காரங்களா?"

"ஆமா. அதப் பாக்கத்தான் வந்தாங்க."

மூன்று வருஷம் கழித்துத் தங்கை அதே பரீட்சையில் முதலாவதாக வந்தாள். நான் அப்போதே லாட்ஜில் சேர்ந்திருந்தேன், லீவு போட்டுப் போனேன். மறுபடியும் கார் வந்தது, அதே மேடம். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அம்மா வீட்டில் ஒரு சாமான் வைக்கவில்லை. எங்கள் சொந்தப் பாயைக்கூடச் சுருட்டி அடுத்த வீட்டில் போட்டிருந்தாள். கிழிந்த சேலை கட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், இரண்டு கையையும் நீட்டி அழுதாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதே, உன் மகளுக்கு இந்தத் தடவை நிச்சயம் என்றார்.

கார் திரும்பிப் போகிற வரைக்கும் கும்பிட்டபடியே நின்றாள் அம்மா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போதுமாட்டி?" என்றாள்.

தங்கைக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா நாற்காலி கேட்டு எந்த வீட்டுக்கும் போனதில்லை.