அங்கன்வாடியில் முகம் காட்டாத அப்பா

மகளுக்கு இரண்டரை வயதிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான்: நான் வேலைக்குப் போவதா, வேண்டாமா. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அரசுப் பள்ளி எல்.கே.ஜி.க்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். தனியார் ப்ளே ஸ்கூலிலோ பிள்ளை தானாகவே பாத்ரூம் போகப் பழகியிருக்க வேண்டுமாம். அவ்வளவு வளர்ந்திருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? இரண்டு வயதிலேயே வாங்கிக்கொள்கிற இடம் அங்கன்வாடி ஒன்றுதான்.

"கவர்மெண்ட் எடத்துல யாரு ஒயுங்கா பாத்துப்பாங்க?" என்றார் வீட்டுக்காரர். "எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, வேலைய வுட்டுட்டு ஊட்லயே இரு." அந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டுதான் சேர்த்தேன்.

அங்கன்வாடி டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வருவார்களோ, அவர்களையெல்லாம் பிள்ளை சேரும் நாளிலேயே அழைத்துவந்து முகம் காட்டிவிட வேண்டும். நான் பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினேன். காலையில் கொண்டுபோய் விடுவது அவர், மாலையில் அழைத்து வருவது நான். வீட்டுக்காரரைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் பக்கத்தில் எந்த அப்பா அங்கன்வாடி வாசலை மிதித்தார்? அவருக்கு இரவு ஷிஃப்ட் வேறு. பகலெல்லாம் குறட்டைதான்.

ஒரு நாள் எனக்கு அடுத்த ஷிஃப்டில் வர வேண்டிய பெண் வரவில்லை, என்னை லைனை விட்டு நகர விடவில்லை. எங்கள் போன் எல்லாம் லாக்கரில். செக்யூரிட்டி போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டால், திருப்பாச்சூர் கோயிலில் இருக்கிறேன், வர நேரமாகும் என்கிறார். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைப் போகச் சொன்னேன். டபுள் டியூட்டி முடித்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். யூனிஃபார்மோடு நேராக அங்கே போனார்.

டீச்சர் பிள்ளையைத் தர மாட்டேன் என்றுவிட்டார்.

மகள் "அப்பா" என்று ஓடி வந்திருக்கிறாள். அவள் மட்டுமா? அவள் பின்னாலேயே இன்னொரு பொடிசும் "அப்பா" என்று வந்து இவர் காலைக் கட்டிக்கொண்டதாம்.

"பாத்தியா நைனா? இந்த நீலச் சட்டையப் பாத்தா எல்லாப் புள்ளைங்களும் அப்பான்னுதான் சொல்லுதுங்க. இத்த வச்சிக்கினு நான் எப்டி அனுப்புறது?" என்றாராம் டீச்சர்.

வீட்டுக்காரர் போனில் இருந்த குடும்பப் போட்டோவைக் காட்டினார். "போட்டோ யாராண்ட வேணா இருக்கும்" என்றார் டீச்சர். இவர் கத்திப் பார்த்தார். டீச்சர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார், பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை. தெருவில் போனவர்களை நிறுத்தி, இவரைத் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறார். பகலில் தூங்கி ராத்திரியில் கிளம்பும் மனுஷனை யாருக்குத் தெரியும்?

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் எப்போதோ போயாயிற்று. டீச்சர் கதவோரம் உட்கார்ந்திருந்தார், மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் கண் சிவந்து வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டீச்சர் வெளியூர்க்காரர், தினமும் போகிற பஸ்ஸை அன்றைக்கு என் பிள்ளைக்காக விட்டுவிட்டிருந்தார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"இவருதான் இவ அப்பா, டீச்சர்" என்றேன்.

"சரிம்மா, இனிமே தெரியும்." எழுந்து, மகளை வீட்டுக்காரர் தோளில் போட்டார். ஒரு மன்னிப்பு கிடையாது, மழுப்பல் கிடையாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வழியெல்லாம் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டு வாசலில் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"இன்னா, வேலைய வுட்டுடணுமா?"

மகளை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"பெத்தவன் வந்து நிக்கிறேன், எனக்கே குடுக்கலையே அந்தம்மா" என்றார். "நீ நாளைக்கு ஷிஃப்டுக்குப் போ."