கழுவாத கை

சாப்பிட்டு எழுந்தால் அவர் கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயின்ட் காயாத கதவைத் தெரியாமல் தொட்டுவிட்டவர் போல வலது கையைத் தனியே தூக்கிப் பிடித்துக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பையை உதறி விரித்து, வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே நுழைத்து, பல்லால் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டுவார்.

“அண்ணே, குழாய் அந்தப் பக்கம் இருக்கு.”

“பார்த்தேன்பா.”

“தண்ணி வருதுண்ணே!”

“வரட்டும். எனக்கு வேணாம்.”

பஸ்ஸில் அடிபட்ட கை என்று நினைத்து எழுந்து இடம் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் உட்கார்ந்துகொள்வார். ஒரு அம்மாள் விடாமல், “கையில என்னங்க ஆச்சு?” என்று கேட்டதற்கு, “வறுத்த மீனுங்க” என்று உண்மையைச் சொன்னார். அந்த அம்மாள் இறங்கும் வரை அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருடமாக உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் கிரீஸும் கையுமாகத் திரிகிறவர். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. “ஊருக்கெல்லாம் லிஃப்ட்டு, எனக்கு மட்டும் படிக்கட்டு” என்று அவர் மனைவி காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்து சொன்ன காலம் உண்டு. இப்போது சொல்வதில்லை. தொண்டையில் வந்த நோய்க்காக அவள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக. வயிற்றில் ஒரு குழாய், ஆகாரம் அதன் வழியாக. பேச்சு ஒரு சிலேட்டில்.

முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு பத்தி வந்துகொண்டிருந்தது. ஊரில் தவறவிடக் கூடாத நாற்பது பண்டங்கள், வாரத்துக்கு ஒரு கடை. அவள் நாற்பதையும் கத்தரித்து, மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒட்டி வைத்தாள். விடுமுறை வந்தால் நோட்டை அவர் முன்னால் கொண்டு வந்து வைப்பாள். “ஒண்ணே ஒண்ணுக்காவது போவோமே.”

“உன் சமையலை விடவா?” என்பார் அவர். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். பதினாறு வருடம் அதையே சொன்னார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அவள் மறுபடியும் அடுப்படிக்குப் போவாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, அவள் பார்க்க மென்று விழுங்க அவருக்கு மனம் வரவில்லை. டீயும் பிஸ்கட்டும்தான், அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஆணியைச் சுட வைத்து பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டார். அடுத்த மாதம் இன்னொன்று. மூன்றாவது துளை போட்ட அன்று அவள் நோட்டை எடுத்து வரச் சொல்லி, சிலேட்டில் எழுதினாள்.

“வாய்தான் போச்சு. மூக்கு இருக்கு. ஒவ்வொண்ணா போய்ச் சாப்பிடுங்க. கையைக் கழுவாம வாங்க. மோந்து பார்த்து மார்க் போடுறேன். நாப்பதையும் முடிக்கணும்.”

டாக்டர் அவளுக்கு மாதக் கணக்கில்தான் நாள் சொல்லியிருந்தார். வாரத்துக்கு இரண்டு கடை என்று அவர் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். பதினாறு வருடம் மறுத்ததை இந்த மாதங்களுக்குள் அவள் மூக்குக்காவது கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். வேறொன்றும் அவருக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து காகிதப் பையைக் கழற்றுவார். அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் வாங்கி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவாள். பிறகு சிலேட்டில் தீர்ப்பு: “ஏழு. எண்ணெய் பழசு.” அவரும் தன் பங்குக்கு வர்ணிப்பார்.

“முதல்ல கொஞ்சம் இழுத்துப் பிடிக்குதும்மா. அப்புறம் ஜெர்க் இல்லாம இறங்குது.”

“சாப்பாட்டைச் சொல்லுங்க. சர்வீஸ் ரிப்போர்ட் வேணாம்.”

பத்தொன்பதாவது கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் நடு மாடியில் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர். பதறி எழுந்தவர் பழைய பழக்கத்தில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டார். நான்கு பேரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கழுவிவிட்டதைச் சொல்லாமல் கையை நீட்டினார். அவள் வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்து எழுதினாள்: “நல்ல சோப்பு. பத்துக்கு ஒம்பது.” சத்தமில்லாமல் அவள் தோள்கள் குலுங்கின. அவள் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் மூன்று மாடியும் இறங்கி, அதே கடைக்குப் போய், அதையே மறுபடி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

குழாயைச் சுத்தம் செய்ய வாரம் இருமுறை ஒரு நர்ஸ் வருவாள். முப்பத்து மூன்றாவது முடிந்திருந்த வாரத்தில் அவளை வழியனுப்பக் கூடவே படி இறங்கியவர் பெருமை தாங்காமல் சொன்னார்.

“ஆனா அவ மூக்கு இருக்கே, அது படு ஷார்ப்பும்மா. கையை மோந்தே எண்ணெய் பழசா புதுசான்னு சொல்லிடுறா. நான் சோப்புப் போட்டதையே கண்டுபிடிச்சிட்டா!”

நர்ஸ் ஒரு படியில் நின்றாள். “அங்கிள், அம்மாவுக்கு வாசனை தெரியாதே. மூச்சு கழுத்து வழியா போகுதில்ல, மூக்குல காத்தே ஏறாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லியிருப்பாங்களே.”

சொல்லியிருப்பார்கள். அன்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டவள் அவர் மனைவி.

நர்ஸ் போன பிறகும் அவர் படியிலேயே நின்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோப்புப் போட்ட அன்று மட்டும் நகக்கண்ணில் மசாலா மஞ்சள் இருந்திருக்காது. கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட்டின் கம்பி, கம்பெனிக்காரன் போட்ட பழைய துளைக்கே எப்போதோ திரும்பி வந்திருந்தது. ஆணியால் போட்ட மூன்றும் சும்மா கிடந்தன. ஒவ்வொன்றாகத் தளர்த்தியவர் அவர்தான். கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

அடுத்தது முப்பத்து நான்கு, பாலில் சுண்ட வைத்த பூசணிக்காய். ஏலக்காய் மணத்துக்காகவே போக வேண்டும் என்று பத்தியில் எழுதியிருந்தது. வாயில் வைத்ததும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “ஏலக்காய் எங்கப்பா?” என்று கேட்டார்.

“அதைப் போடுறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே.”

முழுவதையும் சாப்பிட்டார். இன்னொன்று வாங்கி அதையும் சாப்பிட்டார். கழுவாமல் வந்தார்.

அவள் போன வாரத்தைவிட மெலிந்திருந்தாள். கையை வாங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது. மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். கழுத்துத் துளையை மூடியிருந்த மெல்லிய துணி ஏறி இறங்கியது. எந்த இடுக்கில் காற்று கசிந்தாலும் கண்டுபிடிக்கும் அவர் விரல்களில் மூச்சு படவில்லை.

அவர் கையை விடாமலே, தன் மற்றொரு கையால் எழுதினாள்: “எட்டு. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.”

“ஆமாம்மா” என்றார் அவர். “கொஞ்சம் தூக்கல்தான்.”

பிறகு அவள் நன்றாகப் பார்க்கும்படி எழுந்து நின்று, “ரெண்டு சாப்பிட்டுட்டேன், மூச்சு முட்டுது” என்று சொல்லி, இடது கையால் தட்டுத் தடுமாறி பெல்ட்டை இன்னும் ஒரு துளை தளர்த்தினார்.