திருகைத் திறக்காமல் சாவியைத் திருப்பிய காலை

நம்ம ஒர்க்‌ஷாப் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற படகு ஏன் கடலுக்குப் போகவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் முன்பெல்லாம் கேட்பீர்கள். இப்போது கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் தம்பி கடலிலேயே வளர்ந்தவன். வலை இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க வராது. வலை இழுக்க முடியாதவனைத் தொழிலுக்கு யார் ஏற்றிக்கொள்வார்கள்? அந்த நேரத்தில்தான், அடையாறு முகத்துவாரத்தில் இரண்டு மழைக்காலம் கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பழைய படகை அதன் சொந்தக்காரர் "எடுத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற படகு. தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவரலாம் என்று கணக்குப் போட்டான். டிரெய்லரில் ஏற்றி, கோட்டூர்புரத்துக்கு என்னிடம் கொண்டுவந்தான்.

"மாமா, இது ஓடுச்சுன்னா நான் கடல்ல இருப்பேன். ஓடலன்னா கரைதான்."

நான் கார் பார்க்கிறவன். பார்க்கலாம்டா என்றேன்.

அந்த மாதிரிப் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும். பின்பக்கம் வெளியே ஒரு கால் தொங்கும். ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். காலின் நுனியில் தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடி. காலுக்குள்ளே பல்சக்கரமும் பேரிங்கும் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். எனக்கு இன்ஜின் தெரியும். அதைப் பிரித்து, துடைத்து, ஒன்றரை மாதத்தில் உயிர் வரவைத்துவிட்டேன். காலுக்கு வெளியே மட்டும் பெயின்ட் அடித்தேன்.

ஆயுத பூஜைக்குப் படகுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. அன்று காலையில் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணாத மிஷின் வருஷம் பூராவும் படுத்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சூடாகும் என்று ஹோஸ் பைப்பெல்லாம் மாட்டி வைத்தேன். ரொம்ப முன்யோசனைக்காரன் என்று எனக்கே பெருமை. பெரியவளே, உன்னைத் தூக்கி உட்காரவைத்து, "திருப்புமா" என்றேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சின்னவன் கை தட்டினான். உங்கள் மாமா விசில் அடித்தான். நான் கியரைப் போட்டேன். காத்தாடி சுற்றியது.

காலுக்குள் ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் ஜல்லி போட்டுக் குலுக்கின மாதிரி. எனக்குக் கேட்டது. "பழசு அப்படித்தான் கத்தும், ஓட ஓட சரியாகும்" என்று சொல்லி, பத்து நிமிஷம் ரேஸ் பண்ணினேன்.

மூன்றாம் நாள் காத்தாடியைக் கையால் சுற்றினால் பாதியில் நின்றது. அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிற பாயைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வந்ததும் காலின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் புகுந்திருந்தால் எண்ணெய்க்குக் கீழே இறங்கி நிற்கும், அதுதான் முதலில் வரும் என்றார். வந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர், ஆற்று நாற்றத்தோடு. அதற்குப் பிறகு வெள்ளையும் பழுப்புமாக எண்ணெய்.

"இன்னா நைனா, கியர் ஆயில் ஊத்தச் சொன்னா டீக்கடை வெச்சிக்கினு கீற?" என்று சிரித்தார். ஒரு காந்தத்தை எண்ணெயில் விட்டு எடுத்தார். அதில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. பிறகு சிரிக்கவில்லை.

காலியான காலுக்குள் சைக்கிள் பம்பால் காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் தடவினோம். காத்தாடிக்குப் பின்னால் முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. காத்தாடியைக் கழற்றினால், தண்டைச் சுற்றித் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு. அது இறுகி, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீலை அறுத்திருந்தது. உங்கள் மாமா கத்தியால் அதை நறுக்கி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"நம்ம ஆளுங்க வலை நரம்புதான் மாமா."

பாய் காந்தத்தை என்னிடம் நீட்டினார். "தண்ணி பூந்தது பழசு. துரு பழசு. ஆனா இந்தத் தூளு புச்சு. பாரு, எப்டி மின்னுது. இத்த எவன் ஓட்னது?"

பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்த நீ, பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "நான்தான் சாவி திருப்பினேன்."

"அட லூசு, நீ திருப்புனா ராக்கெட்டே கெளம்பும். போய்ச் சாப்புடு" என்றான் உங்கள் மாமா.

நான் சொன்னது என்ன தெரியுமா? "பழைய சாமான். எப்ப வேணா போகும்."

நீ வீட்டுக்குப் போன பிறகு பாய் என் பக்கம் திரும்பினார். "ஓட்டறதுக்கு மின்ன தொறந்து பாத்திருந்தா, வடிச்சிட்டு, சீலு பேரிங்கு மாத்திப் போய்க்கினே இருக்கலாம். இப்ப பல்லே போயிட்ச்சி. இந்தப் பல்லை நான் எங்க போய் வெட்றது?" அந்த மாடலுக்கு இப்போது எங்கும் சாமான் இல்லை. தேடாத இடமில்லை.

பெரியவளே, சாவி திருப்பச் சொன்னது நான். கியர் போட்டது நான். சத்தம் கேட்டும் ஓட்டியது நான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஐந்து நிமிஷம், அவ்வளவுதான் வேலை. நீ காலேஜுக்குப் போகிற வயசாகியும், ஸ்கூட்டியை "நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் குடுங்கப்பா" என்கிறாய். அம்மா அதைப் பயம் என்கிறாள். எனக்குத் தெரியும் அது என்னவென்று. தெரிந்தும் இத்தனை நாள் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் மாமா இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் கார் நிறுத்தக் கை காட்டுகிறான். இடது கையால். போன வாரம் போய் அவனிடமும் சொன்னேன், அது என் தப்பு என்று. பின்னால் வந்த காருக்கு விசில் ஊதி, திருப்பிவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"தெரியும் மாமா. பாய் சொல்லும்போது நான் அங்கதானே இருந்தேன்."

வேறு ஏதாவது சொல்வான் என்று நின்றேன். அடுத்த கார் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே நடந்துகொண்டு கேட்டான்:

"மழை வர்ற மாதிரி இருக்கு. தார்ப்பாய் நல்லா கட்டியிருக்கீங்க இல்ல?"

கட்டியிருக்கிறேன் என்றேன். அந்தக் கால் இப்போது படகில் இல்லை, போன வருஷம் நான் கழற்றிப் பிரித்ததிலிருந்து துண்டு துண்டாக மண்ணெண்ணெய்ச் சட்டியில் கிடக்கிறது என்பதைச் சொல்லவில்லை.