அர்கூனை மீட்டவன்

பேராசிரியர் கலீல் இறந்த செய்தியை அவருடைய மகள்தான் ஃபோனில் சொன்னாள். அப்போது பாகாயத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்களாம். நான் கட்டாயம் வரவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தாராம். பையை அங்கேயே வைத்துவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினேன். அவர் என்னை அழைக்க ஒரு காரணமும் இல்லை.

கலீலைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பைத்தியமும் தெரியும். தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்து, பாரசீகத்தை ஆண்ட மங்கோலியர்களை எங்கள் கல்லூரியில் வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவர். அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று: அரியணையில், அந்த அரசை நிறுவிய ஹுலாகுவின் மகன் அகமது தெகுதார். எதிர்த்துக் கிளம்பிய அண்ணன் மகன் அர்கூன் தோற்றுப் பிடிபடுகிறான். தளபதி புகா மற்ற தளபதிகளைத் தன் பக்கம் திருப்பி அவனை மீட்கிறான். அகமதை முதுகெலும்பை உடைத்துக் கொல்கிறார்கள். அரச ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மன்னனான அர்கூன் சில வருடங்களில் புகாவையே கொல்கிறான். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "பதவிக்கு வந்தவனுக்குத் தன்னத் தூக்கிவிட்ட ஆளப் பாத்தாதான் பயம் ஜாஸ்தி" என்பார் கலீல்.

அவர் என்னைத் தூக்கிவிட்ட கதை இது. திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டை நான் குடியாத்தம் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். அதுதான் சாக்கு என்று பழைய துறைத்தலைவர் என்னை வெளியே அனுப்பப் பார்த்தார். விசாரணைக் குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் கலீல் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். என்ன பேசினாரோ, என்னை விட்டுவிட்டார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "விடுப்பா தேவா, டீயக் குடி" என்றார்.

பின்னர் நானே துறைத்தலைவரானேன். 'தேவா' போய் 'சார்' வந்தது. கலீல் நிர்வாகக் குழுவினரை வீடு வீடாகப் பார்த்து எனக்கு எதிராக ஆள் சேர்க்கிறார் என்று ஒருவர் காதில் ஓதினார். வீடு வீடாகப் போனால் அவரால் என்ன முடியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வாரமே, செலவைக் குறைக்க மங்கோலியப் பாடத்தை எடுத்துவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. மகிழ்ச்சியோடு தீர்மானம் எழுதினேன்.

துறையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் தீர்மானம் செல்லும். கலீல் நிதானமாகப் படித்தார். மாட்டேன் என்பார், அதை வைத்தே அவரை ஒழித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"நான் போடலன்னா மேலிடத்துல உங்களுக்குத்தான் பேஜாரு சார்" என்று பேனாவை எடுத்தார்.

அதன்பிறகு எங்களுக்குள் வணக்கம் மட்டும்தான் மிச்சம். ஓய்வு பெறும்வரை சுற்றுலாப் பாடம் நடத்தினார்.

அடக்கம் முடிந்து வந்ததும் மகள் ஒரு ஃபைலைத் தந்தாள். "அப்பாவோட நோட்ஸ் அங்கிள். தேவாகிட்ட குடுத்துடு, அவனுக்குத்தான் இது புரியும்னாரு."

பஸ்ஸில் பிரித்தேன். குறிப்புகளுக்கு அடியில் ஒரு கடித நகல். அன்று கலீல் நிர்வாகக் குழுவினரிடம் வீடு வீடாகக் கொண்டுபோனது அதைத்தான். விடைத்தாள் விவகாரத்தை மறுபடி கிளப்பிப் புதிய துறைத்தலைவரை மாற்ற வேண்டாம், சிக்கனம்தான் நோக்கம் என்றால் தன் மங்கோலியப் பாடத்தை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். என் பதவிக்கு ஆபத்து வந்ததே எனக்குத் தெரியாது.

புகா உண்மையிலேயே சதி செய்தான். அதில் சேர்ந்திருந்த இளவரசன் ஒருவனே அர்கூனிடம் அதைக் காட்டிக்கொடுத்தான். அர்கூனுக்கு ஒரு சாட்சியாவது இருந்தது.

கலீலின் குறிப்புகளைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிட்டேன். கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இத்தனை வருடம் அவர் உங்களில் யாரிடமும் காட்டவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.